சூடு ஆறாத முட்டைகள்

பொன்னுவேலுவின் பண்ணையில் முட்டை ஆறாமல் போன சங்கதியை முதலில் கண்டவள் முட்டை பொறுக்குகிற மாராயிதான். ஆனால் அவள் அதை ஒருத்தரிடமும் வாய் திறந்து சொல்லவில்லை. தனக்குத்தான் காய்ச்சல் வந்துவிட்டதென்று நினைத்து ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, முந்தானையில் கையைத் துடைத்துத் துடைத்து மறுபடி மறுபடி முட்டையைத் தொட்டுப் பார்த்து, அட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். மறுநாள் வெடியாலே வந்து பார்த்தால், முந்தின நாள் அடுக்கிய முட்டைகளெல்லாம் அப்போதுதான் கோழி வயிற்றிலிருந்து விழுந்தவை மாதிரி வெதுவெதுவென்று இருந்தன. காய்ச்சல் தனக்கில்லை, முட்டைக்குத்தான் என்று தெரிந்ததும் அவளுக்கு மனசு லேசாகிவிட்டது. போய் ஒரு டீயைக் குடித்துவிட்டு வந்து மீதி வேலையைப் பார்த்தாள்.

கல்லாங்காட்டுப்புதூர் என்கிற அந்த ஊர் நாமக்கல்லைத் தாண்டிப் போனால் வரும். பாறை, பாறைக்கு நடுவே சீமைக்கருவேல முள், முள்ளுக்கு நடுவே ரயில்பெட்டி நீளத்துக்குக் கோழி ஷெட்டுகள், வேறொன்றும் கிடையாது. மனுசரைவிடக் கோழி அதிகம், கோழியைவிட ஈ அதிகம். பெண் கொடுக்க வருகிற வெளியூர்க்காரர்கள் ஊர் எல்லையிலேயே மூக்கைப் பொத்திக்கொள்வார்கள், ஷெட்டுகளை ஒரு சுற்று எண்ணிப் பார்த்ததும் மூக்கிலிருந்து கையை எடுத்துவிடுவார்கள். ஷெட்டுக்குள்ளே வரிசை வரிசையாகக் கூண்டுகள். சிறகை விரித்தால் பக்கத்துக் கோழியின் கண்ணில் குத்தும் என்கிற அளவுக்கு இடம், கொத்திக்கொள்ளாமல் இருக்க நுனி வெட்டின மூக்கு, முட்டை தானாக உருண்டு முன்னால் வரட்டும் என்று சாய்வாகப் போட்ட கம்பித் தரை. அந்தக் கம்பிமேல் கால் வைத்த கோழி மண்ணை மிதிக்காமலே முட்டையிட்டு, மண்ணை மிதிக்காமலே கிழடாகி, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கறிக்கடை வண்டிக்குப் போகும். இதையெல்லாம் யாரும் மறைத்து வைத்துச் செய்யவில்லை, ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தாலே தெரியும்.

இதைப் பார்த்துவிட்டுத் தூக்கம் வராத ஒரே ஆள் கோழி டாக்டர் கோகிலவாணி. பொன்னுவேலுவின் பண்ணைக்குச் சம்பளத்துக்கு இருந்தவள், அதோடு கூண்டுக் கோழியின் மன அழுத்தத்தைப் பற்றி ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தாள். கோழிக்கு மனசு இருக்கா, இருந்தால் அதற்கு அழுத்தம் வேறு வருமா என்று ஊரே சிரித்தது. அவள் கோழி எச்சத்தைச் சின்னச் சின்னக் குப்பிகளில் எடுத்துப்போய்ச் சோதனை செய்து, பயமும் நெரிசலும் ரத்தத்தில் ஊறவைக்கிற சுரப்பு இதிலே இவ்வளவு இருக்கிறது, அதிலே அவ்வளவு இருக்கிறது என்று வந்து சொல்வாள். கேட்கிறவர்கள் கொட்டாவியை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, "அப்படிங்களா அம்மணி" என்பார்கள். மரியாதையான ஊர், அதிலே குறை சொல்ல முடியாது.

பொன்னுவேலுவிடம் அவள் ஒரு பேச்சுப் பேசியிருந்தாள். பண்ணைக் கோடியில் சும்மா கிடந்த பழைய தீவனக் கிடங்கைத் தனக்கு விட வேண்டும், அதில் கூண்டு இல்லாமல், மூக்கு வெட்டாமல், ஏறி உட்காரக் கட்டையும் புரள மணலும் பொழுது சாய்ந்தால் இருட்டும் கொடுத்துக் கோழி வளர்க்க வேண்டும், அந்தக் கோழிகள் நோய்நொடி இல்லாமல் நன்றாக முட்டையிட்டால் அவர் மற்ற ஷெட்டுகளில் கூண்டை அகலமாக்க வேண்டும். "ஆகட்டும் அம்மணி, நீங்க கேட்டு நான் இல்லைன்னு சொன்னனா" என்றார் அவர். அப்படிக் கிடைத்த அந்தத் திறந்த ஷெட்டுதான் அவளுக்கு உலகத்திலே மிச்சமிருந்த ஒரே நல்ல இடம். உள்ளே போகுமுன் தகரக் கதவை மூன்று தட்டுத் தட்டுவாள், கோழிகள் மிரளாமல் இருக்க; பிறகு மணலோரம் உட்கார்ந்து, அவை காலைப் பரப்பி இறகுக்குள் மணலை வாரி இறைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடப்பதைப் பார்ப்பாள். அந்த ஷெட்டு நிலைக்க வேண்டும், அதைப் பார்த்து இன்னொன்று, அப்புறம் இன்னொன்று என்று ஆக வேண்டும், அவள் கேட்டது அவ்வளவுதான்.

முட்டை ஆறாமல் போனது ஒரு வாரத்துக்குள் எல்லாப் பண்ணைக்கும் வந்துவிட்டது. கேரளாவுக்குப் போன லாரியிலிருந்து போன் வந்தது, முட்டையை ஃப்ரிட்ஜில் வைத்தால் ஐஸெல்லாம் உருகி ஓடுகிறதென்று. வேகவைத்தார்கள், வெந்தது, உப்பும் மிளகும் போட்டுத் தின்றார்கள், ருசியில் ஒரு மாற்றமும் இல்லை, தட்டில் மிச்சம் வைத்த பாதி முட்டை மறுநாளும் சூடாகவே இருந்தது. ஏன் இப்படி என்று கேட்கிற ஊர் இல்லை அது, இது எதுக்கு ஆகும் என்று கேட்கிற ஊர். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் துண்டில் இரண்டு முட்டையை முடிந்து முழங்காலில் கட்டிக்கொண்டு, பல வருசத்துக்குப் பிறகு குத்தவைத்து உட்கார்ந்து எழுந்து காட்டியதும், எதுக்கு ஆகும் என்பது எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று.

அதற்கப்புறம் முட்டையைத் தின்கிறவன் பைத்தியக்காரன் என்று ஆகிவிட்டது. மாசாமாசம் அடிவயிறு பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிற பெண்கள் முட்டையை வயிற்றோடு கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்கள், மூச்சிரைப்புக்காரர்கள் நெஞ்சில் வைத்துக்கொண்டு தூங்கினார்கள், டீக்கடைக்காரர் பால்சட்டியைச் சுற்றி அடுக்கி அடுப்பை அணைத்தார், கொல்லிமலைக்காரர்கள் மூட்டை மூட்டையாக வாங்கிப்போய்ப் பச்சைக் குழந்தைகளின் தொட்டிலில் துணி சுற்றிப் போட்டார்கள், ஊட்டி பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்கு பஸ் ஸ்டாண்டிலேயே கூவிக் கூவி விற்றார்கள். பெண்ணுக்குச் சீர் கொண்டுபோகிறவர்கள் தேங்காய் பழத் தட்டோடு ஒரு தட்டு முட்டையும் கொண்டுபோனார்கள், சூடு போதாதென்று ஒரு சம்பந்தி தட்டைத் திருப்பி அனுப்பிப் பெரிய மனஸ்தாபமாகிப்போனது. மார்கழி மாசத்தில் செல்லாண்டியம்மன் கோயில் பூசாரி, கல்லாக இருந்தால் குளிராதா என்ன என்று அம்மன் பாதத்தைச் சுற்றி முட்டை வைத்தார். சூட்டுக்குத் தகுந்தபடி பேர் வந்தது, இளஞ்சூடு, நல்ல சூடு, கொதி என்று. சின்னப் பிள்ளைகள்கூடத் தொட்டதும் ரகம் சொல்லும்.

நடுவில் ஒரு சின்னக் கலவரம் நடந்தது. பொன்னுவேலு வழக்கம்போல் ஒரு ஷெட்டுக் கிழட்டுக் கோழிகளைக் கறிக்கு ஏற்றி அனுப்பினார். அந்த வண்டி போய்ச் சேர்ந்த அன்றைக்கு, அந்தக் கோழிகள் இட்ட முட்டைகள் எந்தெந்த வீட்டில் எந்தெந்தத் துணிக்குள் இருந்தனவோ அங்கங்கே சொல்லிவைத்தாற்போலச் சில்லிட்டுப் போயின. வாத்தியார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கே வந்து சத்தம் போட்டார். கோழி உயிரோடு இருக்கும் வரைக்கும்தான் முட்டையில் சூடு இருக்கும் என்று அப்போது தெரிந்தது. அன்றோடு கறிக்கு அனுப்புவது நின்றது. விளக்கு வைக்கிற நேரத்தில் பிள்ளைகுட்டிகளோடு கோழிகளுக்கும் நீண்ட ஆயுசு வேண்டிக்கொண்டார்கள், மனசாரத்தான் வேண்டிக்கொண்டார்கள், வேடிக்கைக்கு இல்லை. கோகிலவாணி வருசக்கணக்காகக் கேட்டுக் கிடைக்காத மருந்தும் சத்துப்பொடியும் ஷெட்டு வாசலில் வந்து இறங்கின. "எப்படியோ அம்மணி, சாகப்படாது, அவ்வளவுதான்" என்றார் பொன்னுவேலு. நிற்க முடியாத கோழிக்கு ஊசி போட்டு, கண் தெரியாத கோழிக்குத் தீவனத்தை வாயில் ஊட்டி, அவள் ஒன்றையும் சாகவிடவில்லை.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் முட்டை எப்போதும்போல ஆறிப்போயிற்று. திறந்த ஷெட்டில் மணலுக்குப் பக்கத்தில் கிடந்த முட்டைகள் எடுத்த சற்று நேரத்தில் சாதாரண முட்டையாகக் கையில் குளிர்ந்தன. கோகிலவாணி எல்லா ஷெட்டின் எச்சத்தையும் குப்பிகளில் எடுத்துப்போய்ச் சோதித்தாள், முட்டைகளின் சூட்டையும் அளந்தாள். சந்தேகமே இல்லை, கோழி எவ்வளவுக்கெவ்வளவு தவித்ததோ அவ்வளவுக்கவ்வளவு முட்டை கொதித்தது. அது தெரிந்த அன்றைக்கு அவள் சந்தோசப்பட்டாள், பாவம். இத்தனை நாள் கணக்காகச் சொன்னதைக் காதில் வாங்காதவர்கள் இனிமேல் கையிலேயே வாங்கித் தொட்டுப் பார்க்கலாமே, தொட்டவர்களுக்கு நெஞ்சு சுடாமல் போகுமா என்று நினைத்தாள். படித்தவர்கள் இப்படித்தான் நினைப்பார்கள், ஊருக்குத் தெரிந்தால் ஊர் திருந்திவிடும் என்று.

பொன்னுவேலுவிடம் சொல்லிப் பக்கத்துப் பண்ணைக்காரர்களையெல்லாம் கல்யாண மண்டபத்துக்கு வரவழைத்தாள். சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தவர்களிடம் மூன்று முட்டைகளைக் கொடுத்தாள். ஒன்று திறந்த ஷெட்டினுடையது, ஒன்று கூண்டினுடையது, இன்னொன்று கோடிக் கூண்டில் மற்றக் கோழிகளிடம் கொத்துப்பட்டு ஒதுங்க இடமில்லாமல் நின்ற ஒரு கோழியினுடையது. முட்டைகள் கை மாறிக் கை மாறிப் போயின. மூன்றாவதை வாங்கினவர்கள் ஸ் என்று துண்டுக்கு மாற்றிக்கொண்டார்கள். அவள் சொன்னாள், இந்தச் சூடு வேறொன்றுமில்லை, அது படுகிற பாடு. இடத்தைக் குறைத்தால் ஏறுகிறது, மூக்கை வெட்டினால் ஏறுகிறது, விளக்கை அணைக்காமல் விட்டால் ஏறுகிறது, தட்டாமல் கொள்ளாமல் திடுதிப்பென்று உள்ளே போனால் ஏறுகிறது, பழைய இறகு உதிர்ந்து மறுபடி முட்டை கூடட்டும் என்று தீவனத்தை நிறுத்தினால் எல்லாவற்றையும்விட ஏறுகிறது. சொல்லச் சொல்ல மண்டபம் அமைதியாகிக்கொண்டே வந்தது. அவள் பேச்சுக்கு அந்த ஊர் கொட்டாவி விடாமல் உட்கார்ந்தது அன்றைக்குத்தான், சிலர் முன்னால் சாய்ந்துகூட உட்கார்ந்தார்கள்.

முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, ரொம்பப் பணிவாகக் கேட்டார்:

"டாக்டரம்மா, கடைசியில ஒண்ணு சொன்னீங்களே, தீவனத்தை நிறுத்தறது. அதையும் தட்டாம உள்ள போறதையும் சேத்துப் பண்ணுனா இன்னும் சாஸ்தியாவுங்களா?"

"மறுக்கா ஒருவாட்டி மெதுவாச் சொல்லுங்கம்மா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "இங்க சரியாக் கேக்கல."

அவள் மேசைமேல் இருந்த தண்ணீரைக் குடித்தாள், மூன்று முட்டைகளையும் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள், உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டாள். ஆனால் சொன்னது சொன்னதுதானே. ஒருத்தருக்கு மறந்ததை இன்னொருத்தர் ஞாபகம் வைத்திருந்தார், எல்லாரும் சேர்ந்து எல்லாவற்றையும் ஞாபகப்படுத்திக்கொண்டார்கள். நாலு நின்ற கூண்டில் ஏழு நின்றன. தகரம் தட்டுகிற பழக்கம் போய், வெள்ளைச் சேலையையே பார்த்துப் பழகின கோழிகள் மிரளட்டும் என்று, திடீரென்று சிவப்புக் கட்டின ஆளை ஷெட்டுக்குள் ஓடவிடுகிற பழக்கம் வந்தது. ராப்பகலாக விளக்கு எரிந்தது. அவர்கள் கெட்டவர்களா என்றால் இல்லை. கொல்லிமலையில் அந்தக் குளிர்காலத்தில் ஒரு குழந்தைகூடச் சாகவில்லை, அதைச் சொல்லிச் சொல்லி அழுத தாய்மார்களை ஊரே பார்த்தது. அதைப் பார்த்துவிட்டு வந்து கூண்டில் எட்டாவது கோழியைத் திணிக்கிறவனை என்ன சொல்லித் தடுப்பது?

கோகிலவாணியால் தடுக்க முடியாமல் போனதற்கு வீட்டிலேயே ஒரு காரணம் படுத்துக்கிடந்தது. அவள் புருசன் ஈஸ்வரமூர்த்தி, தாய்மாமன் மகன், போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே ஊர் ஊராகப் போய்ச் சம்பாதித்தவர், ஒருநாள் இரும்புக் குழாய் சரிந்து முதுகில் விழுந்ததிலிருந்து கட்டிலோடு கட்டிலாகிவிட்டவர். கால் செத்துப்போயிற்று, வலி மட்டும் சாகவில்லை. ஆஸ்பத்திரி மாத்திரைகள் கேட்காத அந்த வலி, இடுப்புக்குக் கீழே ஒரு முட்டையை வைத்தால் கேட்டது. முதல் தடவை வைத்த அன்றைக்கு அவர் பொழுது விடியும்வரை அசையாமல் தூங்கினார், செத்துவிட்டாரோ என்று பயந்து இவள்தான் மூக்கில் கை வைத்துப் பார்த்தாள். ஆனால் உடம்பு பழகிக்கொண்டது, இளஞ்சூடு போதாமல் நல்ல சூடு வேண்டியிருந்தது, நல்ல சூடும் போதாமல் கொதி வேண்டியிருந்தது, இப்போது கொதியும் பொழுது சாயும்போது வைத்தால் சாமத்துக்கு மேல் கேட்பதில்லை.

அது என்ன சூடு என்று அவரிடம் அவள் சொல்லவில்லை. மண்டபத்தில் நடந்ததை மாராயி வந்து சொல்லியிருந்தாள் போல. ஒரு நாள் முட்டையை மாற்றி வைக்கும்போது அவரே பேச்செடுத்தார்.

"வாணி, இது கோழியோட வேதனைன்னு சொன்னியாமே."

"ஆமாங்க மாமா."

"எனக்கு முன்னாலயே தெரியும். வலியில கெடக்கறவனுக்கு இன்னொரு வலி கையில பட்டாத் தெரியாதா?" அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "ஆனா எடுத்துராத வாணி. என்னால முடியல."

அவள் எடுக்கவில்லை. போர்வையை இழுத்து மூடிவிட்டு அடுப்படிக்குப் போய் உட்கார்ந்து அழுதாள். யாருக்காக அழுகிறோம் என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

இந்தக் காலமெல்லாம் திறந்த ஷெட்டு ஒரு மூலையில் இருந்துகொண்டுதான் இருந்தது. அதன் முட்டைக்குப் பச்சத்தண்ணி முட்டை என்று பேர் வைத்துவிட்டார்கள், சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. மாராயிகூட, "எனக்கு வேண்டாங்க டாக்டரம்மா, வீட்டுக்குள்ள கொண்டுபோனாப் பொணம் மாதிரி இருக்குதுன்னு திட்றாங்க" என்று சொல்லிவிட்டாள். கோகிலவாணி தானே வேகவைத்து, அவை ஆறுகிறவரை காத்திருந்து, ஒற்றை ஆளாக உட்கார்ந்து தின்றாள். ஷெட்டுக்குப் போவதையும் குறைத்துக்கொண்டாள். மணலில் கண்ணை மூடிக் கிடக்கிற கோழிகளைப் பார்த்தால் முன்பு ஆறுதலாக இருக்கும், இப்போது, இதிலிருந்து மாமாவுக்கு ஒன்றும் கிடைக்காதே என்று ஒரு நினைப்பு வந்து குறுக்கே நிற்கிறது. அந்த நினைப்பை அவள் வெறுத்தாள், அது போகவில்லை.

பொன்னுவேலு அவள் எதிர்பார்த்தபடிதான் வந்தார். குரலை உயர்த்தவில்லை, உட்காரக்கூட இல்லை.

"அம்மணி, உங்க ஷெட்டை எடுத்துக்கலாம்னு இருக்கறனுங்க. இத்தனை நாள் ஒண்ணும் சொல்லல. நம்ம மச்சானுக்கும் சூடு பத்தறதில்லைன்னு மாராயி சொல்லுச்சு. எடத்தைக் கூண்டுக்கு மாத்திட்டா, வர்றதுல மொத அட்டை உங்க வீட்டுக்குத்தான்."

"அண்ணா, அகலமாக் கூண்டு போட்டுத் தர்றேன்னு சொன்னீங்க."

"சொன்னனுங்க. அன்னைக்கு முட்டை ஆறிக்கிட்டு இருந்துச்சே அம்மணி" என்றார். பொய் ஒன்றும் இல்லை அதில். "நாளைக்கு லோடுமேனுங்களை வரச் சொல்லட்டுங்களா?"

லோடுமேன்கள் கோழி பிடிக்கிற விதம் அவளுக்குத் தெரியும். ஒரு கைக்கு நாலைந்து காலைச் சேர்த்துப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, இறகு முறிகிறதா எலும்பு முறிகிறதா என்று பார்க்காமல் வீசுவார்கள். முடியாது என்று சொன்னால் என்ன ஆகும் என்றும் அவளுக்குத் தெரியும், அவள் இல்லாத நேரம் பார்த்து அதுவே நடக்கும். வீட்டில் ஒருத்தர் சாமத்தில் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடப்பதும் தெரியும். இந்த மூன்றில் எதற்காகச் சம்மதித்தாள் என்று கேட்டால் அவள் முதலாவதைத்தான் சொல்வாள்.

"ஆள் வேண்டாங்கண்ணா. நானே மாத்திடறேன்."

பொழுது சாய்ந்து வெளிச்சம் மங்குகிற நேரத்தில் கோழி அவ்வளவாகப் பயப்படாது. அந்த நேரமாகப் பார்த்து, கதவைத் தட்டிவிட்டு உள்ளே போய், கட்டையில் ஏறி உட்கார்ந்திருந்த கோழிகளை ஒவ்வொன்றாக இரண்டு சிறகையும் சேர்த்து அணைத்து, நெஞ்சோடு நெஞ்சாகத் தூக்கிக்கொண்டு போனாள். அவை கத்தவில்லை, திமிறவில்லை. இவள் கையை அவைகளுக்குத் தெரியும். ஒன்று போகிற வழியிலேயே அவள் முழங்கையில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டது. அதைக் கூண்டுக்குள் விட்டதும் விழித்துக்கொண்டு, கம்பித் தரையில் காலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தது. பிறகு காலைப் பரப்பி, வயிற்றைக் கம்பியில் அழுத்தி, இல்லாத மணலை இறகுக்குள் வாரி வாரி இறைக்க ஆரம்பித்தது. பக்கத்துக் கூண்டிலும் ஒன்று அப்படியே செய்தது, அப்புறம் எல்லாமே. அவள் நின்று பார்த்துவிட்டு அடுத்ததைத் தூக்கப் போனாள்.

மறுநாள் மாராயி முட்டையைத் தொட்டுவிட்டுக் கையை உதறினாள். உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. அட்டையில் வைத்தால் அட்டை கருகிப் புகைந்தது. இத்தனை காலம் கொதி என்று பேர் சொன்னதெல்லாம் இதற்கு முன்னால் பச்சத்தண்ணி. பிறந்ததிலிருந்து கம்பியைத் தவிர வேறொன்றும் தெரியாத கோழிகள் கொடுக்க முடியாத சூட்டை, மணலில் புரண்ட கோழிகள் ஒரே ராத்திரியில் கொடுத்துவிட்டன. கோகிலவாணி கரண்டியால் ஒன்றை எடுத்து, கனமான துணியில் நாலு சுற்றுச் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனாள். ஈஸ்வரமூர்த்தி வலி வந்ததிலிருந்து சிரித்ததில்லை. அன்றைக்குச் சிரித்தார், பசிக்கிறது என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், சாப்பிட்ட கையோடு குழந்தை மாதிரித் தூங்கிப்போனார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு அழகான முகம் அவருக்கு, அதை அவள் மறந்தே போயிருந்தாள்.

சாயங்காலம் பண்ணைக்குத் திரும்பியபோது பொன்னுவேலு காலியான திறந்த ஷெட்டின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். மணலைக் காலால் தள்ளிப் பார்த்தார், உட்காரும் கட்டைகளை ஆட்டிப் பார்த்தார், கூரையை அண்ணாந்து பார்த்தார். அவளைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"தப்பாப் பேசிட்டனுங்க அம்மணி. உங்க அருமை எனக்குத் தெரியாமப் போச்சு. நீங்க கேட்டதெல்லாம் கட்டித் தர்றேன். பத்து ஷெட்டு, இதைவிடப் பெருசா. மூக்கு வெட்ட வேண்டாம், கட்டை போடுங்க, இருட்டு வேணும்னா இருட்டு, எத்தனை லோடு மணல் வேணுமோ சொல்லுங்க. ஒரு குஞ்சைக்கூட ஒருத்தரும் அதட்டப்படாது, நீங்க வெச்சதுதான் சட்டம். நல்லா வளத்துங்க. அப்பறமேலு கூண்டுக்கு மாத்திக்கலாம்."

இத்தனை வருசம் அவள் யார் யாரிடமோ கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டது முழுசாக, ஒரு சொல் குறையாமல், எதிரே நின்று கும்பிடுகிறது.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க" என்றார் அவர். "அதுங்களை எத்தனை நாள் சந்தோசமா வெச்சிருந்தாப் போதுமுங்க?"

அவளுக்குப் பதில் தெரிந்துதான் இருந்தது, அவள் படிப்பே அதுதானே. ஒரு மத்தியானம் மணலில் புரண்ட கோழிகூட அதை மறக்காது. ஒரு மத்தியானம் என்று சொன்னால் அவைகளுக்குக் கிடைப்பது அந்த ஒரு மத்தியானம்தான், சூடும் கொஞ்சமாக இருக்கும். நிறைய நாள் என்று சொன்னால் அத்தனை நாளும் அவை மணலில் கண்ணை மூடிக் கிடக்கும், கட்டையில் ஏறித் தூங்கும், பிறகு அத்தனை நாளையும் கம்பிமேல் நின்று நினைத்துக்கொண்டிருக்கும், சாகவும் விடமாட்டார்கள். எது இரக்கம் என்று அளக்கிற குப்பி அவளிடம் இல்லை.

"ஒரு முழு மழைக்காலம்" என்றாள்.

"அவ்வளவு வேணுமுங்களா?"

"வேணுங்கண்ணா."

"சரிங்க அம்மணி, நீங்க சொன்னாச் சரிதான்" என்று அவர் அப்போதே போனை எடுத்து மணல் லாரிக்காரரைக் கூப்பிட்டார். அதைச் சொன்னது கோழிகளுக்காகவா, வீட்டில் சிரித்துவிட்டுத் தூங்குகிறவருக்காகவா என்று கோகிலவாணிக்குத் தெரியவில்லை. போனில் பேசிக்கொண்டிருந்தவரின் தோளைத் தொட்டு, சல்லிக்கல் கலக்காத நல்ல ஆற்று மணலாகக் கொண்டுவரச் சொல்லுங்கள் என்றாள்.